அறுக்கும் முன் ஒரு கணக்கு: பிளைவுட் செலவைக் குறைக்கும் வழி

வீட்டுக் கட்டுமானம் நிறைவுற்று, வண்ணமும் பூசியான பின், நம்மில் பலருடைய வரவு செலவுத் திட்டம் தடம் புரள்வது மரவேலையில்தான். செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பொறியாளர் கணக்குத் தருகிறார். அலமாரிக்கும் சமையலறைப் பெட்டிகளுக்கும் எத்தனை பிளைவுட் பலகைகள் தேவை என்ற கேள்விக்கோ பெரும்பாலும் வாய்மொழியாகவே விடை கிடைக்கிறது. 'பத்து ஷீட் இறக்குங்கள், போதாவிட்டால் பார்த்துக்கொள்வோம்' என்பதே பல வீடுகளில் மதிப்பீடாக அமைந்துவிடுகிறது. வேலை முடிந்தபின் மொட்டைமாடியின் மூலையில் அடுக்கப்படும் துண்டுப் பலகைகள், நாம் விலை கொடுத்து வாங்கிய பொருளே என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்தச் செலவு கடன் வாங்கிச் செய்யப்படுமானால், வீணாகும் துண்டுக்கும் நாம் வட்டி செலுத்துகிறோம். ஆகவே பலகையை அறுக்கும் முன் தாளில் அறுத்துப் பார்க்கும் வழக்கத்தை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். கூட்டலும் கழித்தலும் தெரிந்த எவரும் ஒரு மாலைப் பொழுதில் இதைச் செய்து முடிக்கலாம்.

ஒட்டுப்பலகைத் தொழிலில் பிறந்த கணிதம்

பலகை அறுப்பதற்கும் பொருளாதார அறிவியலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1938ஆம் ஆண்டு அன்றைய சோவியத் நாட்டின் லெனின்கிராடு நகரில், ஒட்டுப்பலகைத் தொழில் நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தார் லியோனித் கண்டரோவிச் என்னும் இளம் கணிதப் பேராசிரியரை அணுகினர். பலவகை மரக்கட்டைகளை, அவற்றைச் சுழற்றி மெல்லிய ஏடுகளாக உரிக்கும் இயந்திரங்களுக்கு எவ்வாறு பகிர்ந்தளித்தால் உற்பத்தி மிகும் என்பது அவர்களுடைய வினா. அதற்கு விடை தேடிய கண்டரோவிச், அடுத்த ஆண்டில் வெளியிட்ட சிறு நூலில், பொருள்களைக் கழிவு குறைய வெட்டும் சிக்கலையும் அதே முறையில் தீர்த்துக் காட்டினார். இன்று 'நேரியல் திட்டமிடல்' என வழங்கும் கணிதத் துறையின் தொடக்கங்களுள் அது ஒன்று. 1975இல் பொருளாதாரத்துக்கான நோபல் நினைவுப் பரிசு அவருக்கும் ட்யாலிங் கூப்மன்ஸுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1961இல் கில்மோர், கொமோரி என்னும் இருவர் இவ்வகைச் சிக்கல்களைக் கணினியால் தீர்க்கும் வழியை வகுத்தனர். இன்று கைப்பேசியிலேயே இயங்கும் பலகை வெட்டுச் செயலிகளுக்கு இந்த ஆய்வுகளே முன்னோடி.

ஓர் அலமாரிக்கு இத்தனை பெரிய கணிதம் வேண்டியதில்லை. அதன் அடிப்படையில் உள்ள எண்ணம் மட்டும் போதும்: எந்தப் பாகத்தை எந்தப் பலகையிலிருந்து எடுப்பது என்பதை ஒவ்வொன்றாக முடிவு செய்யாமல், எல்லாவற்றையும் ஒருங்கே வைத்து முடிவு செய்ய வேண்டும்.

முதலில் அறிய வேண்டிய அளவுகள்

கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது 8 அடிக்கு 4 அடிப் பலகை. மில்லிமீட்டரில் இதை 2440 × 1220 என்பர். இதன் பரப்பு 32 சதுர அடி. 7 அடிக்கு 4 அடி (28 சதுர அடி), 6 அடிக்கு 4 அடி, 3 அடி அகலமுள்ளவை ஆகியனவும் உண்டு. விலை பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் சொல்லப்படுவதால், சிறிய பலகை வாங்கினால் விலையும் அதற்கேற்பக் குறையும். ஆயினும் பலர் 8 × 4 மட்டுமே கேட்டு வாங்குகின்றனர்.

பெயரளவை நம்பாமல், வாங்கும் பலகையைக் கடையிலேயே அளந்து பார்ப்பது நன்று. சில பலகைகள் 2400 × 1200 என்ற அளவில் இருக்கக்கூடும். இருபது மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். அந்த இருபதுதான் சில வேளைகளில் ஒரு முழுப் பலகையைத் தீர்மானிக்கும் என்பதைக் கீழே காண்போம். கனத்தையும் அளக்க வேண்டும். 18 மி.மீ. என விற்கப்படுவது சற்றுக் குறைவாக இருப்பின், பெட்டிக்குள் அமையும் தட்டுகளின் அளவு மாறும்.

அடுத்தது ரம்பம் தின்னும் இடம். ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் ஏறத்தாழ 3 முதல் 4 மி.மீ. மரத்தூளாகிவிடுகிறது. நான்கு அடி அகலப் பலகையில் இரண்டு அடி அகலமுள்ள பாகங்கள் இரண்டு வரும் என்பது மனக்கணக்கு. இரண்டு அடி என்பது 610 மி.மீ. அத்தகைய இரண்டு பாகங்களும் நடுவில் 4 மி.மீ. ரம்ப இடமும் சேர்ந்தால் 1224 மி.மீ. பலகையோ 1220. நான்கே மில்லிமீட்டரில் இரண்டாவது பாகம் வராமற் போகிறது. வடிவமைக்கும்போதே ஆழத்தை 600 என வைத்துக்கொண்டால், 600 + 4 + 600 = 1204. பலகையின் ஓரங்களைச் சீராக்கவும் இடம் மிஞ்சும். அலமாரியின் ஆழம் பத்து மில்லிமீட்டர் குறைவதால் சட்டை மாட்டும் கொக்கிக்கு இடையூறு எதுவும் இல்லை.

மூன்றாவது, மரத்தின் இழையோட்டம். பிளைவுட்டின் மேல் ஏட்டில் இழைகள் வழக்கமாகப் பலகையின் நீளவாக்கில் செல்லும். நீண்டு தாங்கும் தட்டுகளுக்கு இழையும் அதே திசையில் அமைவது வலிமை தரும். மேலே இயற்கை மர ஏடு ஒட்டப்பட்ட பலகையானால், அருகருகே உள்ள இரு கதவுகளில் ஒன்றில் இழை நெடுக்காகவும் மற்றொன்றில் குறுக்காகவும் இருப்பது கண்ணை உறுத்தும். ஆகவே பாகங்களை விரும்பியபடி திருப்பி வைத்து இடம் மிச்சப்படுத்த முடியாது.

ஓர் அலமாரி, மூன்று கணக்குகள்

2100 மி.மீ. உயரமும் 1200 அகலமும் 600 ஆழமும் உள்ள, இரண்டு கதவு கொண்ட அலமாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 18 மி.மீ. பிளைவுட்டில் அதற்கு வேண்டிய பாகங்கள் இவை:

பக்கச் சுவர்: 2100 × 600, இரண்டு
நடுத்தடுப்பு: 2064 × 580, ஒன்று
கதவு: 2096 × 597, இரண்டு
மேல், கீழ்ப் பாகங்கள்: 1164 × 600, இரண்டு
தட்டு: 573 × 580, ஆறு

பின்புறத்துக்கு 6 மி.மீ. பலகை ஒன்று தனியே வேண்டும். ஒவ்வொரு கனத்துக்கும் ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

முதற் கணக்கு, திட்டமின்றி அறுப்பது. தட்டுகள் சிறியவை, எளிதில் முடித்துவிடலாம் என்று கருதி, கைக்கு வந்த 8 × 4 பலகையில் 580 மி.மீ. அளந்து குறுக்கே அறுத்து இரண்டு தட்டுகள் எடுக்கப்படுகின்றன என்று கொள்வோம். ரம்ப இடம் போக அப்பலகையில் எஞ்சும் நீளம் 1856 மி.மீ. இனி அதிலிருந்து பக்கச் சுவரோ நடுத்தடுப்போ கதவோ எடுக்க இயலாது. நெடிய பாகங்கள் ஐந்து. ஒரு முழுப் பலகையில் இரண்டு வீதம் அவற்றுக்கு மூன்று முழுப் பலகைகள் வேண்டும். நான்கு பலகைகளில் இரண்டை இவ்வாறு குறுக்கே அறுத்துவிட்டால், மீதமுள்ள இரண்டில் நான்கு நெடிய பாகங்கள்தாம் வரும். ஐந்தாவது பாகத்துக்காக ஐந்தாவது பலகை வாங்க நேரும். மொத்தம் 160 சதுர அடி. இதில் அலமாரியாக மாறுவது ஏறத்தாழ 65 விழுக்காடே.

இரண்டாம் கணக்கு, பட்டைகளாகப் பிரிப்பது. எல்லாப் பாகங்களின் அகலமும் 600க்குள் அடங்குவதால், ஒவ்வொரு பலகையையும் முதலில் நெடுக்காக இரண்டு பட்டைகளாக அறுக்கிறோம். ஐந்து நெடிய பாகங்களுக்கு ஐந்து பட்டைகள். மேல், கீழ்ப் பாகங்கள் இரண்டும் ரம்ப இடத்துடன் 2336 மி.மீ. ஆவதால் ஒரு பட்டையில் அடங்கும். தட்டுகள் ஒரு பட்டையில் நான்கு வரும், எஞ்சிய இரண்டு அடுத்த பட்டையில் வரும். எட்டுப் பட்டைகளில், அதாவது நான்கு பலகைகளில், வேலை முடிகிறது. 128 சதுர அடி. பயன்பாடு ஏறத்தாழ 81 விழுக்காடு. அத்துடன் 1286 × 600 அளவில் ஒரு நல்ல துண்டும் மிஞ்சுகிறது.

மூன்றாம் கணக்கு, பலகை அளவையும் தேர்ந்தெடுப்பது. நெடிய பாகங்களின் உயரம் 2100. 7 அடிப் பலகையின் நீளம் ஏறத்தாழ 2134. இவ்விரண்டும் ஏறக்குறையப் பொருந்துவதால், 8 அடிப் பலகையில் ஒவ்வொரு நெடிய பாகத்துக்குப் பின்னும் எஞ்சும் ஓரடித் துண்டு இங்கே எஞ்சாது. மூன்று 7 × 4 பலகைகளில் ஆறு பட்டைகள். ஐந்தில் நெடிய பாகங்கள், ஆறாவதில் மூன்று தட்டுகள். அத்துடன் ஓர் 8 × 4 பலகை. அதன் ஒரு பட்டையில் மேல், கீழ்ப் பாகங்கள், மற்றொன்றில் மீதி மூன்று தட்டுகள். மொத்தம் 84 + 32 = 116 சதுர அடி. பயன்பாடு ஏறத்தாழ 89 விழுக்காடு.

அலமாரியின் அளவிலோ வலிமையிலோ எந்த மாற்றமும் இன்றி, 160 என்பது 116 ஆகிறது. கணக்கின் எளிமைக்காகச் சதுர அடி 100 ரூபாய் என்று கொண்டால், ஓர் அலமாரிக்கு 4,400 ரூபாய் மிச்சம். வரி தனி.

கடன் வாங்கிய பணத்தில் மிச்சம்

மூன்று அறைகளுக்கு இதே அலமாரி செய்தால் வேறுபாடு 13,200 ரூபாய். இத்தொகை ஐந்தாண்டுத் தவணைக் கடனில் அடங்கியிருந்து, வட்டி ஆண்டுக்கு 11 விழுக்காடு என்று கொண்டால், மாதத் தவணையில் ஏறத்தாழ 287 ரூபாய் இதற்கே செல்லும். அறுபது மாதங்களில் நாம் செலுத்துவது ஏறத்தாழ 17,220 ரூபாய். மாடி மூலையில் கிடக்கும் துண்டுப் பலகையின் உண்மையான விலை அது.

மூன்று அலமாரிகளையும் ஒன்றாகத் திட்டமிடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. தனித்தனியே அறுத்தால் 8 அடிப் பலகைகளில் 709 மி.மீ. நீளத் துண்டுகள் மூன்று மிஞ்சும். ஒன்றாகச் சேர்த்து, 8 அடிப் பட்டைகளில் நான்கு நான்காகத் தட்டுகளை எடுத்தால், வாங்கும் பலகைகள் அதே எண்ணிக்கைதான் (7 அடியில் ஒன்பது, 8 அடியில் மூன்று). ஆனால் அந்த மூன்று துண்டுகளுக்குப் பதிலாக 1863 × 600 அளவில் ஒரே நீண்ட துண்டு கிடைக்கிறது. பிள்ளைகளின் படிப்பு மேசைக்கு மேற்பலகை அதிலிருந்தே வந்துவிடும். கழிவு தவிர்க்க முடியாததாயின், அதைச் சிதறவிடாமல் ஓரிடத்தில் திரட்டுவது நல்ல திட்டத்தின் அடையாளம்.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். குறைந்த பலகை வாங்குவது மட்டுமே எப்போதும் சிறந்த திட்டமாகிவிடாது. ஓர் அலமாரிதான் செய்கிறோம், கூடவே செருப்பு வைக்கும் சிறு பெட்டியும் இழுப்பறைகளும் வேண்டும் என்றால், இரண்டாம் கணக்கில் எஞ்சும் துண்டுகளுக்கு அங்கே வேலை இருக்கும். அப்போது முழுவதும் 8 அடிப் பலகையாக வாங்குவதே சிக்கனமாக அமையலாம். எனவே பாகங்களின் பட்டியலில் வீட்டின் எல்லா மரவேலைகளையும் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

திட்டமிடும் முறை

கட்டம் போட்ட நோட்டுத்தாள் ஒன்றில், ஒரு கட்டத்தை 100 மி.மீ. எனக் கொண்டு பலகைகளை வரைந்துகொள்ளலாம். பாகங்களைத் தனித்தாளில் அதே அளவில் வெட்டி, அதன் மேல் நகர்த்திப் பார்ப்பது குழந்தைகளும் மகிழ்ந்து செய்யும் வேலை. கட்டத்தில் அடங்காத நுண்ணளவுகளை எண்ணால் கூட்டிச் சரிபார்க்க வேண்டும். செயலியைப் பயன்படுத்துவோர் ரம்ப இடத்தையும் இழைத் திசையையும் அதில் குறிப்பிட மறக்கலாகாது. எந்த வழியாயினும் பின்வரும் ஒழுங்கு உதவும்.

ஒன்று, பெரிய பாகங்களுக்கு முதலில் இடம் ஒதுக்க வேண்டும். சிறியவை எந்த இடைவெளியிலும் அடங்கும், பெரியவை அடங்கா.

இரண்டு, ஒரே அகலமுள்ள பாகங்களை ஒரே பட்டையில் வரிசைப்படுத்த வேண்டும். அறுக்கும் முறைகளின் எண்ணிக்கையும் அதனால் குறையும்.

மூன்று, பட்டறையில் உள்ள பெரிய ரம்ப மேசை பலகையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நேராகவே அறுக்கும். பாதியில் நிறுத்தித் திரும்பும் வெட்டுகள் தாளில் அழகாக இருந்தாலும் பட்டறையில் நடவா. முதலில் நெடுக்கு, பின்னர் குறுக்கு என்பதே பொதுவான வரிசை.

நான்கு, அகன்ற பாகத்துக்கு அருகே சற்றே குறுகிய பாகத்தை இணைக்க வேண்டும். ஆழம் 610 தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள், 610 அகலப் பக்கச் சுவரை 597 அகலக் கதவுடன் ஒரே பலகையில் சேர்க்கலாம். இரண்டும் ரம்ப இடமும் சேர்ந்து 1211 மி.மீ. தான். ஒரு பலகையில் இரண்டு பக்கச் சுவர்களை எடுக்க முயல்வதுதான் அங்கே தவறு.

ஐந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் இட்டு, அறுத்தவுடன் அந்த எண்ணைப் பென்சிலால் பலகையிலும் எழுத வேண்டும். எண்ணில்லாத பாகம் வேறொரு பாகத்துக்காக மறுபடி அறுபடுவது பட்டறைகளில் புதிதன்று.

ஆறு, உட்புறத் தட்டுகளைப் பெட்டி பூட்டியபின் உண்மையான இடைவெளியை அளந்து கடைசியாக அறுப்பது பாதுகாப்பானது. அவற்றுக்கான பட்டையை மட்டும் முன்னரே ஒதுக்கி வைக்கலாம்.

மேலே ஒட்டும் லேமினேட் தகடுகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். மக்கள் வழக்கில் 'சன்மைக்கா' எனப்படும் இத்தகடுகளும் பெரும்பாலும் 8 × 4 அளவிலேயே வருகின்றன. பலகையை 7 அடியில் வாங்கினாலும் தகட்டுக்குத் தனித் திட்டம் வேண்டும் என்பதை நினைவிற் கொள்க.

தச்சருடன் பேசும் முறை

இந்தத் திட்டத்தைத் தச்சரின் அனுபவத்துக்கு மாற்றாகக் கருதக் கூடாது. எந்த மூட்டுக்கு எவ்வளவு கூடுதல் இடம் வேண்டும், எந்தச் சுவர் சாய்வாக உள்ளது என்பவை அவருக்கே தெரியும். வரைபடத்தை அவரிடம் காட்டி, 'ஐயா, இதில் மாற்ற வேண்டியது ஏதும் உண்டா' என்று கேட்பது இருவருக்கும் நன்மை. முன்பணம் கொடுக்கும் முன் பாகங்களின் பட்டியல், பலகைகளின் எண்ணிக்கை, கனம், தரம் ஆகியன எழுத்தில் இருக்கட்டும்.

ஒப்பந்த முறையையும் கவனிக்க வேண்டும். பொருளும் கூலியும் சேர்த்து, அலமாரியின் முகப்புப் பரப்புக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால், பலகையில் மிச்சமாவது ஒப்பந்தக்காரரைச் சேரும். பொருளை நாமே வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசியிருந்தால், மிச்சமும் வீணும் நம்முடையவை. இரண்டாவது முறையில் இக்கணக்கு இன்றியமையாதது. முதல் முறையிலும், சொல்லப்படும் விலை நியாயமானதா என்று அறிய இது துணைபுரியும்.

சிக்கனம் என்பதற்காகத் தரத்தைக் குறைத்துவிடலாகாது. பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, 'மெரைன்' எனப்படும் நீர் தாங்கும் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 என்பன இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தர எண்கள். பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இந்த எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, முறையான ரசீதுடன் வாங்க வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ் அமையும் பெட்டிக்கு நீர் தாங்கும் பலகையும், ஈரம் படாத படுக்கையறை அலமாரிக்குப் பொதுப் பயன்பாட்டுப் பலகையும் போதும். திட்டமிட்டு மிச்சமாகும் தொகையில் நல்ல கீல்களும் உறுதியான இழுப்பறைத் தண்டவாளங்களும் வாங்கலாம்.

மரத்துக்கும் ஒரு கணக்கு

பலகை வீணாவது பணத்தோடு முடிவதில்லை. 1996 டிசம்பர் 12 அன்று, கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆணையால் காடுகளில் மரம் வெட்டுவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. வடகிழக்கு மாநிலங்களில் காட்டு மரத்தை நம்பியிருந்த பிளைவுட் ஆலைகள் அதனால் பெரிதும் பாதிக்கப்பட்டன. இன்று அரியானாவின் யமுனாநகர் போன்ற மையங்கள், உழவர்கள் தம் நிலங்களில் வளர்க்கும் பாப்லர், தைல மரங்களையே பெரிதும் சார்ந்துள்ளன. கேரளத்தின் பெரும்பாவூர் ஆலைகளுக்கு ரப்பர் மரம் முக்கியமான மூலப்பொருள். நம் வீட்டில் துண்டாகிக் கிடக்கும் பலகை, ஓர் உழவர் பல ஆண்டுகள் நீர் பாய்ச்சி வளர்த்த மரத்தின் பகுதி.

அளவுநாடா, கட்டத்தாள், பென்சில் ஆகிய மூன்றும் இத்திட்டத்துக்குப் போதும். அடுத்த முறை மரவேலைக்கான மதிப்பீட்டைக் கையில் வாங்கும்போது, அதில் 'பிளைவுட், பத்து ஷீட்' என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தப் பத்து எவ்வாறு வந்தது என்று கேட்போம். பாகங்களின் பட்டியலுடன் விடை வருமானால் அந்த மதிப்பீட்டை நம்பலாம். வராவிட்டால் பட்டியலை நாமே எழுதத் தொடங்கலாம். கடன் விண்ணப்பத்தில் தொகையை நிரப்பும் முன் அந்தப் பட்டியல் நம் கையில் இருப்பது நல்லது.